சாம்பிள் கோச்

அமல்தாஸ் சார் தானுங்களே? நான் வெள்ளிங்கிரிங்க, நொய்யல் எப்.சி. அசிஸ்டென்ட் கோச். பேரெழுதி ஒரு அட்டையைப் பிடிச்சுட்டு நிக்கச் சொன்னாங்க ஆபீஸ்ல. எனக்கெதுக்குங்க அட்டை? கோச்னா நடையிலயே தெரிஞ்சுரும். முட்டி போன ஆளுக நடக்கற நடை ஒண்ணு இருக்குதில்லீங்களா, அதுல தான் அத்தனை கோச்சும் நடப்பாங்க. நீங்களும் அப்படித்தான் வந்தீங்க, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் அதே நடை தான்.

பையைக் குடுங்க, கார் அக்கட்ட நிக்குது. இதென்னங்க இந்தக் கனம் கனக்குது? எத்தனை நாளைக்குத் துணி எடுத்துட்டு வந்திருக்கீங்க? அப்படீங்களா. சரி, எடுத்துட்டு வந்தது வந்துட்டீங்க. முன்னால வந்தவங்க எல்லாம் தோள்ல மாட்டற மாதிரி சின்னப் பையா தான் கொண்டுட்டு வருவாங்க. அதனால கேட்டேன்.

முன்னாடியே உக்காருங்க, பின்னால பந்து மூட்டை கெடக்குது. திருப்பூரு போறதுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அவினாசி ரோட்ல லாரி நின்னா எச்சாவும் ஆகும். அதுக்குள்ள உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிடறேன். ஒளிச்சு வெச்சுக் கூட்டிட்டுப் போற பழக்கம் எனக்கு இல்லீங்க. முன்னால வந்த அஞ்சு பேரையும் நான் தான் இதே கார்ல கூட்டிட்டு வந்தேன், ஒருத்தரைத் தவிர மத்தவங்களை நான் தான் திரும்பக் கொண்டாந்து இதே ஏர்போர்ட்ல விட்டேன். வரும்போதும் நான் தான் பேசுவேன், போகும்போதும் நான் தான் பேசுவேன். போகும்போது அவங்களுக்குப் பேச ஒண்ணும் இருக்காது, பாவம்.

நெலமை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். லீக்ல கடைசியில கெடக்கறோம். இன்னும் மூணு மேட்ச் இருக்குது. மூணுல ரெண்டையாவது ஜெயிக்கோணும். ஜெயிச்சா தப்பிச்சோம். இல்லைன்னா ஒரு படி கீழ போயிருவோம். கீழ போனா டீமைக் கலைச்சுட்டு, அந்த கிரவுண்டுல குடோன் கட்டிருவேன்னு முதலாளி சொல்லிட்டாரு. கோபத்துல சொல்லலீங்க. சாப்பிட்டுக் கை கழுவீட்டே சொன்னாரு. கோபத்துல சொல்லியிருந்தா நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

எனக்கு அந்த கிரவுண்டு தான் எல்லாமுங்க. புல்லு போட்ட அன்னிக்கு நான் அங்க நின்னிருக்கேன். டீம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஹெட் கோச் மாறுவாங்க, பிளேயருக மாறுவாங்க, பெஞ்சுல நான் உக்கார்ற இடம் மட்டும் மாறுனதில்லை. தண்ணி டப்பாவுக்குப் பக்கத்துல, ஹெட் கோச்சுக்கு வலது கைப் பக்கமா. அந்த இடத்துல இப்போ நூல் மூட்டையை அடுக்கப் போறாங்கன்னா எப்படியிருக்கும் சொல்லுங்க.

எங்க முதலாளி தெய்வசிகாமணி நல்ல மனுசனுங்க. அதை முதல்லயே சொல்லிடறேன், நான் சொல்றதைக் கேட்டுட்டு அவரைத் தப்பா நெனச்சுடக் கூடாது. பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. அவருகிட்டச் சரக்கு வாங்கற பையர் ஒருத்தரு ஜெர்மனியில மேட்ச் பாக்கக் கூட்டிட்டுப் போயிருக்காரு. ஊரே ஒரே கலர்ல பனியன் போட்டுட்டு உக்காந்திருந்ததைப் பாத்துட்டு வந்தவரு, உடனே இங்க டீம் ஆரம்பிச்சுட்டாரு. அவரு ஆட்டத்தைப் பாத்தாரா, பனியனைப் பாத்தாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம் தான். ஆனா ஒண்ணு, லீக்லயே எங்க ஜெர்சி மாதிரி ஒரு ஜெர்சி கெடையாதுங்க. எத்தனை கோல் வாங்குனாலும் சாயம் போகாது.

சீசன் பாதியில அருளானந்தம் சாரை அனுப்பிட்டாங்க. அவரு தான் ஹெட் கோச்சா இருந்தாரு. வரிசையாத் தோத்தோம், அனுப்பிட்டாங்க, அது எல்லா ஊர்லயும் நடக்கறது தான். அதுக்கப்புறம் அடுத்த கோச் யாருன்னு ஆபீஸ்ல உக்காந்து பேசுனோம். நான் சொன்னேன், நல்ல ஆளா ஒருத்தரை சீசன் முடியற வரைக்கும் போட்டுரலாம்ங்க, எங்கெங்கயோ போயித் தேட வேண்டியதில்லை, பக்கத்துலயே பாருங்கன்னு. நான் யாரையும் மனசுல வெச்சுட்டுச் சொல்லலீங்க. பொதுவாத்தான் சொன்னேன். முதலாளி என் மூஞ்சியையே பாத்தாரு. அப்புறம் சொன்னாரு:

“ஏப்பா வெள்ளிங்கிரி, சாம்பிள் பாக்காம எவனாவது ஆர்டர் குடுப்பானா? வர்றவங்களை ஆளுக்கு ஒரு பீஸ் தெச்சுக் காட்டச் சொல்லு. எது நல்லா இருக்குதோ அதையே ஓட்டிக்கலாம்.”

நீங்க பெங்களூர்க்காரரு, உங்களுக்கு இது புதுசா இருக்கும். எங்கூர்ல எல்லாமே அப்படித்தானுங்க. ஒரு பனியன் போறதுக்கு முன்னால அதுக்கு ஒரு சாம்பிள் போகும். பையர் அதைத் தொட்டுப் பாத்து, இழுத்துப் பாத்து, துவைச்சுப் பாத்து, அது சரியில்லை இது சரியில்லைன்னு கமெண்ட் அனுப்புவான். திருத்தி இன்னொண்ணு அனுப்போணும். அப்ரூவல் வந்தாத்தான் மெஷின் ஓடும். முப்பது வருசமா அதுலயே ஊறுன மனுசன், கோச்சையும் அப்படியே எடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டாரு. ஆளுக்கு ஒரு மேட்ச். அது தான் சாம்பிள். கால்பந்து ஒண்ணும் காலர் இல்லீங்களேன்னு நான் சொன்னேன். மனசுக்குள்ள தான் சொன்னேன்.

மேட்ச் முடிஞ்ச மறுநாளு காலையில கமெண்ட் வந்துரும். இடது பக்கம் லூசா இருக்குது. நடுவுல பிடிக்குது. பினிஷிங் சரியில்லை. கோச்சுக அதைக் கேட்டுட்டுத் திருதிருன்னு முழிப்பாங்க. நான் தான் விளக்கிச் சொல்லுவேன். பினிஷிங் மட்டும் விளக்காமயே அவங்களுக்குப் புரிஞ்சுரும்.

மொதல்ல வந்தது மெனெசிஸ்னு ஒரு கோவாக்காரரு. தங்கமான ஆளு. பேச்செல்லாம் இங்கிலீஷ். எங்க பசங்களுக்கு அது அரைகுறை, அதனால நான் தான் பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்றது. கோல்கீப்பர் பந்தைத் தூக்கி அடிக்கக் கூடாது, பக்கத்துல நிக்கறவனுக்குத் தரையோட குடுக்கோணும், அங்கிருந்து ஒவ்வொருத்தனா மாத்தி மாத்தி மேல கொண்டு போகோணும்னு போர்டுல படம் போட்டுப் போட்டுக் காட்டுனாரு. நானும் ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொன்னேனுங்க. பசங்க பயந்துட்டானுங்க. பயந்த பசங்களை அப்படியே உள்ள அனுப்ப முடியுங்களா? அதனால கடைசியில என் பங்குக்கு ஒரு வார்த்தை சேத்துனேன். “பயமா இருந்தாத் தூக்கி அடிச்சுருங்கடா, ஒரு மேட்ச்சு தானே”ன்னு. அவ்வளவு தான். ஆட்டம் பூராவும் தூக்கித் தூக்கி அடிச்சானுங்க. மூணு கோல் வாங்குனோம்.

மெனெசிஸ் வந்து என்னையக் கேக்கறாரு, நான் சொன்னதை அவங்ககிட்டச் சொன்னியா இல்லையான்னு. வார்த்தைக்கு வார்த்தை சொன்னேனுங்களே. எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. ஒரு மொழியில இருந்து இன்னொரு மொழிக்கு மாத்திச் சொல்றது எத்தனை சிரமம்னு அவருக்கு எங்க தெரியப் போகுது.

நீலாம்பூர் தாண்டிட்டோம். ஏசி போதுங்களா? எச்சா வெக்கட்டுங்களா?

அடுத்தது மிலோவான். செர்பியாக்காரரு, பனைமரம் மாதிரி நிப்பாரு. வந்ததும் வராததுமா சமையல்கட்டுக்குள்ள போயிட்டாரு. எண்ணெய் கூடாது, பரோட்டா கூடாது, வேகவெச்ச கோழியும் உருளைக்கெழங்கும் தான்னுட்டாரு. பசங்க மூஞ்சியைப் பாக்கோணுமே. சாயங்காலம் அவரு ரூமுக்குப் போனதுக்கப்புறம், நானே பசங்களைக் கூட்டிட்டுப் போயி பரோட்டா வாங்கிக் குடுத்தேன். ஒரு மேட்ச்சு ஆளு சொன்னான்னு பட்டினி கெடப்பீங்களா, தின்னுங்கடான்னேன். என் சொந்தச் செலவுங்க, ஆபீஸ்ல கேக்கலை. மறுநாளு ரெண்டாவது பாதியில ஒருத்தனும் ஓடலை. மிலோவான் போறப்போ முதலாளிகிட்ட, பசங்க உடம்பு மோசம், இவங்க பிட்னஸை யாரு பாத்துக்கறதுன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. யாரு பாத்துக்கறது? நான் தான் பாத்துக்கறேன். பெத்த புள்ளையாட்டம் பாத்துக்கறேன். வந்து ரெண்டு நாள்ல குத்தம் சொல்லிட்டுப் போயிட்டாரு.

அப்புறம் வந்த ரெண்டு பேரைப் பத்திச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க. ஒருத்தரு மேட்ச் முடிஞ்சதும் பஸ்ஸுல கூட வரலை, அப்படியே ஆட்டோ பிடிச்சுப் போயிட்டாரு.

சொல்ல வேண்டியது உம்மரைப் பத்தித்தான். மலப்புறத்துக்காரரு. தமிழும் மலையாளமும் கலந்து அவரே பசங்ககிட்டப் பேசிக்குவாரு. எனக்கு மாத்திச் சொல்ற வேலை இல்லாமப் போச்சு. அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லீங்க. பந்துக்கெல்லாம் காத்து சரியா இருக்குதான்னு பாக்கச் சொன்னாரு என்னைய. பாத்தேன். கிளப் ஆரம்பிச்ச காலத்துல இருந்து இருக்கற ஆளைக் காத்துப் பாக்கச் சொன்னாருங்க. சரி, பெரியவரு சொல்றாரு, பாப்போம்னு பாத்தேன். அவரு ஒவ்வொரு பையனையும் தனித்தனியாக் கூட்டிட்டுப் போயி, கிரவுண்டைச் சுத்தி நடந்துட்டே பேசுனாரு. என்ன பேசுனாருன்னு பசங்களைக் கேட்டா ஒருத்தனும் வாயைத் தொறக்கலை. நான் ஒருத்தன் இருக்கறதையே மறந்துட்டானுங்க.

அந்த மேட்ச் ஜெயிச்சோம். ரெண்டுக்கு ஒண்ணு. இந்தச் சீசன்லயே எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுன ஒரே மேட்ச் அது தான்.

மறுநாளு முதலாளி என்னையக் கூப்பிட்டாரு. “பீஸ் நல்லாத்தான் இருக்குது. நீ என்னப்பா சொல்றே?”ன்னாரு. பொய் சொல்ல முடியுங்களா? எதிர் டீம்ல மெயின் கோல்கீப்பருக்குக் காய்ச்சலுங்க, வேற பையன் நின்னான், அதனால இந்த ஒண்ணை வெச்சு முடிவு பண்ண முடியாதுன்னு சொன்னேன். உண்மை தானுங்களே. காய்ச்சல் இருந்துச்சா இல்லையா? இருந்துச்சு. முதலாளி யோசிச்சுட்டு, சரி, இன்னும் ஒண்ணு ரெண்டு சாம்பிள் பாத்துட்டுச் சொல்லிக்கலாம்னுட்டாரு. உம்மர் நாலு நாளு ரூம்ல உக்காந்திருந்தாரு. அஞ்சாவது நாளு வேற டீம் கூப்பிட்டுச்சு, போயிட்டாரு. அப்போ எங்களுக்குக் கீழ இருந்த டீமுங்க அது. இப்போ எங்களுக்கு மேல இருக்குது.

இப்படித்தான் எங்க முதலாளி நல்ல நல்ல ஆளையெல்லாம் கை நழுவ விட்டுட்டாரு. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அளவில்லை. டக்குன்னு ஒரு முடிவு எடுக்கத் தெரியோணுமுங்க ஒரு மனுசனுக்கு. நாலு பேரு நாலு சொல்லத்தான் செய்வாங்க, அதையெல்லாம் காதுல வாங்கலாமா?

கருமத்தம்பட்டி வருது. இங்க ஒரு பேக்கரியில டீ நல்லா இருக்கும், தேங்காய் பன் சுடச்சுட இருக்கும். நிறுத்தட்டுங்களா? காலை ஃப்ளைட்ல என்னத்தைத் தந்திருக்கப் போறாங்க. எறங்குங்க. முட்டியைப் பாத்து எறங்குங்க, படி ஒசரம்.

அண்ணா, ரெண்டு டீ. சாருக்கு சக்கரை கம்மியா.

எங்க விட்டேன்? உம்மர் போனதுக்கப்புறம். ஆறாவதா ஒருத்தரு வர்றதா இருந்துச்சு. கேரளாவுல பெரிய டீம்ல எல்லாம் இருந்தவரு. கெளம்பற அன்னிக்குக் காலையில, வரலைன்னு சொல்லிட்டாரு. எனக்கு இன்னிக்கு வரைக்கும் அது புரியலீங்க. அதுக்கு முந்தின நாளு கூட ஒரு மணி நேரம் போன்ல பேசுனேன். இங்க நெலமை என்ன, சாம்பிள்னா என்ன, யாரு யாரு வந்து எப்படி எப்படிப் போனாங்கன்னு எல்லாத்தையும் வெலாவாரியாச் சொன்னேன். அவருக்கு உதவியா இருக்கட்டும்னு தான். அத்தனையும் கேட்டுட்டு, ரொம்ப நன்றின்னு வேற சொன்னாரு. மறுநாளு வரலை. மனுசங்களை நம்பவே முடியலீங்க.

மேட்சுக்கு நேரமாச்சு, கோச் இல்லை. முதலாளி போன்ல, நீயே நின்னுக்கோப்பான்னாரு.

எனக்கு அந்த ஆசை கெடையாதுங்க. கூட இருக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க, ஹெட் கோச் ஆகோணும்னு ஒரு நாளாவது வாயைத் தொறந்து சொல்லியிருப்பனா? கோச்சுகளுக்கான பெரிய லைசென்ஸ் கோர்ஸுக்குப் போயிட்டு வான்னு முதலாளியே ஒருக்கா சொன்னாரு. நான் போனா டீமை யாரு பாத்துக்குவான்னு நான் தான் போகலை. ஆனா நீயே நின்னுக்கோன்னு சொன்னதும், சம்சாரத்துக்குப் போன் பண்ணி என் வெள்ளைச் சட்டையைத் தேச்சு வெக்கச் சொன்னேன். அவளே கொண்டாந்து குடுத்தா. வந்தவ, அப்படியே கேலரியில உக்காந்துட்டா. இத்தனை வருசத்துல அவ மேட்ச் பாக்க வந்தது அது தானுங்க மொத தடவை.

பசங்களை உக்கார வெச்சுப் பேசுனேன். எந்தப் பந்தை எங்க குடுக்கறது, எவனை எவன் விடாமப் பிடிக்கறதுன்னு அருளானந்தம் சாரு காலத்துல இருந்து மனசுல போட்டு வெச்சிருந்ததையெல்லாம் சொன்னேன். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, இத்தனை விசயம் எனக்குள்ள இருந்திருக்குதான்னு. பசங்க எல்லாரும் தலையாட்டுனானுங்க. நிஜாம்னு ஒரு பையன், உக்கடத்துக்காரன், அவன் தான் கேப்டன். அவங்கிட்ட எதிர் டீம்ல பத்தாம் நம்பரைக் காமிச்சு, இவன் எங்க போனாலும் நீ பின்னாலயே போகோணும், தண்ணி குடிக்கப் போனாலும் போகோணும்னு சொன்னேன்.

போகலீங்க. இவன் எங்கயோ நிக்கறான், அந்தப் பத்தாம் நம்பரு எங்கயோ நிக்கறான். பந்து கெடைச்சாத் தூக்கி அடிக்கறானுங்க. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு கத்தறேன், ஒருத்தனும் திரும்பிப் பாக்கலை. கோச்னு ஒருத்தன் நிக்கறானேங்கற நெனப்பே இல்லை. பாதி நேரத்துல ரெண்டு கோல் பின்னால இருக்கறோம். நிஜாமைத் தனியாக் கூப்பிட்டு, ஏண்டா, நான் சொன்னது என்ன, நீ செய்யறது என்னன்னு கேட்டேன். அவன் கோபமாச் சொல்லியிருந்தாக் கூடப் பரவால்லீங்க. என்னையச் சமாதானம் பண்ற மாதிரி, என் தோளைத் தட்டிச் சொல்றான்:

“விடுங்கண்ணா. ஒரு மேட்ச்சு தானே.”

எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. வெளிய காட்டிக்கலை. காலையில தேச்ச சட்டை முதுகோட ஒட்டிக் கெடக்குது, கேலரியில அவ உக்காந்துட்டிருக்கா. அந்த ரெண்டாவது பாதி முடியற வரைக்கும் கத்தவே இல்லை நான். நாலு கோல் வாங்கித் தோத்தோம். வீட்டுக்குப் போற வழியில அவ, உங்க ஜெர்சி கலர் தூரத்துல இருந்து பாக்க நல்லா இருக்குதுன்னு மட்டும் சொன்னா.

அந்தப் பையனுக்கு அப்படிப் பேசற தைரியம் எங்கிருந்து வந்துச்சுன்னு தான் எனக்குப் புரியலை. சின்னதுல இருந்து பாக்கறேன், அப்படிப்பட்ட பையன் இல்லீங்க அவன்.

இருங்க, இன்னும் இருக்குது. அது கூடப் பெருசில்லை. மறுநாளு காலையில கமெண்ட்டுக்காக உக்காந்திருக்கேன். வரலை. மத்தியானம் வரைக்கும் வரலை. மெனெசிஸுக்கு வந்துச்சு, மிலோவானுக்கு வந்துச்சு, ஆட்டோவுல ஓடிப்போன ஆளுக்குக் கூட வந்துச்சு. எனக்கு வரலை. சாம்பிள்னா கமெண்ட் வரோணுமா இல்லையா? ரிஜெக்ட்னாலும் ரிஜெக்ட்னு ஒரு வார்த்தை வரோணுமில்லீங்களா? வெக்கத்தை விட்டுட்டு ஆபீஸுக்குப் போயி முதலாளியையே கேட்டேன். அவருக்கு நான் என்ன கேக்கறேன்னே மொதல்ல புரியலை. அப்புறம் சிரிச்சுட்டாரு.

“அது சாம்பிள் இல்லையேப்பா. ஆளு வரலைன்னு நீ சும்மா நின்னே.”

சும்மா நின்னனாமா. அவங்களுக்கு இது எதோ ஒரு டீமு, எங்கிருந்தோ வந்த அஞ்சு பேரு சாம்பிள் காட்டுனாங்க. நான் மட்டும் சும்மா நின்னேன்.

டீ குடிங்க சார், ஆறிடப் போகுது. நான் இதையெல்லாம் சொல்றது உங்களுக்காகத்தான். நல்ல பேரு எடுத்து வந்திருக்கீங்க, இங்க வந்து அது கெட்டுப் போயிரக் கூடாது. பசங்க வேற இப்போ யாரையும் மதிக்கறதில்லை. எந்தக் கோச் வந்தாலும் விருந்தாளியைப் பாக்கற மாதிரி பாக்கறானுங்க. வாங்கன்னு சொல்லுவானுங்க, தலையாட்டுவானுங்க, எப்போ கெளம்புவீங்கன்னு காத்திருப்பானுங்க. இது எப்படி இவனுங்களுக்குள்ள வந்துச்சு, யாரு இவனுங்களைக் கெடுத்ததுன்னு நான் யோசிக்காத நாளில்லை.

பாருங்க, அவனே கூப்பிடறான். நிஜாம் தான். எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன், ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. சொல்லு நிஜாமு.

“அண்ணா, ஆளு வந்துட்டாரா?”

வந்துட்டாருடா. கருமத்தம்பட்டியில இருக்கறோம்.

“சரிண்ணா. ஒரு மேட்ச்சு தானே, பசங்களை நான் பாத்துக்கறேன். நீங்க மெதுவா வாங்க.”

வெச்சுட்டான். கேட்டீங்களா சார்? நான் ஒரு வார்த்தை சொல்லலை. உங்க பேரைக் கூடச் சொல்லலை. அவனாச் சொல்றான்.

என்னங்க? திருப்பிக் கூப்பிடட்டுங்களா? கூப்பிட்டு என்னன்னு சொல்றது?

சீசன் முடியற வரைக்கும், மூணு மேட்ச்சுக்கும் நீங்க தான் கோச்னா? அதெப்படிங்க சொல்ல முடியும். முதலாளி உங்களை ஞாயித்துக்கெழமை மேட்சுக்கு மட்டும் தானே கூப்பிட்டிருக்காரு. அவருகிட்ட நீங்க பேசிக்குவீங்க, சரி. முடியாதுன்னா இன்னிக்கே கெளம்பிருவீங்க, அதுவும் சரி. அப்போ பசங்ககிட்டயும் நீங்களே சொல்லிக்கலாமே, நான் எதுக்கு நடுவுல?

நான் சொன்னாத்தான் கேப்பானுங்களா? அட, நீங்க வேறீங்க. நான் சொல்லி அவனுங்க என்னத்தைக் கேட்டிருக்கானுங்க?

நான் சொன்னதை மட்டும் தான் கேட்டிருக்கானுங்களா.

அண்ணா, இங்க இன்னொரு டீ. எனக்குத்தான். சாருக்கு வேண்டாமாம்.

அப்படிச் சொல்லாதீங்க சார். எனக்கு ஒண்ணும் புரியலை நீங்க சொல்றது. பயந்த பசங்களுக்கு ஆறுதலா ரெண்டு வார்த்தை சொன்னது ஒரு தப்புங்களா? வேற யாரு சொல்லுவா அவனுங்களுக்கு?

என்ன கேட்டீங்க? என் மேட்ச் அன்னிக்கு எனக்காகப் பசங்ககிட்ட யாரு பேசுனாங்கன்னா?

அன்னிக்கு அப்படி யாரும் சொல்லலீங்க. இவரு தான் இனி நம்ம கோச், கடைசி வரைக்கும் இவரு தான்னு பசங்ககிட்ட யாரு சொல்லுவா? எப்பவும் சொல்றவன் நான் ஒருத்தன் தானே. அன்னிக்கு நான் அந்தப் பக்கம் போயி நின்னுட்டேன். என்னையப் பத்தி நானே எப்படிச் சொல்றது? எனக்குன்னு சொல்றதுக்கு அங்க ஒரு ஆளு இருந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்குமோ என்னமோ. இருந்திருக்கும்னு சொல்றீங்களா? நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க. இருக்கட்டும், விடுங்க. முடிஞ்சு போனது.

சரி, கூப்பிடறேன். கூப்பிடறேங்க, கையை எடுங்க. ஸ்பீக்கர் வேண்டாம், நல்லாக் கேக்கற காதுல வெச்சுப் பேசிக்கறேன்.

நிஜாமு. ஆமா, பக்கத்துல தான் இருக்காரு. பசங்க எல்லாரும் கூட இருக்கானுங்களா? சரி, கேளு. சாரு கொண்டாந்திருக்கற பையைப் பாத்தீன்னா நீயே சொல்லுவே, பொணமாக் கனக்குது. இல்லடா, வெளையாட்டுக்குச் சொல்லலை. ஒரு மேட்ச்சு இல்லடா. அதுக்கு மேலயும் இருப்பாரு. இரு, சொல்றேன். எத்தனையா? அது வந்து, ரெண்டு. ரெண்டு மேட்ச்சு. ஆமா, நான் தான் சொல்றேன். வையி போனை.

என்னைய ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? ஒண்ணா இருந்ததை ரெண்டாக்கி இருக்கறேன். மூணுன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். வரலீங்க.